ஒன்பது அடிக்குள் ஓர் அத்திமரம்

அபித்னா ஊரில் போய் மீதோன் வீடு எது என்று கேட்டால், "யாரு, அந்த அத்திமரத்துக்காரனா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கேட்பதற்கு ஆள் அகப்பட்டால்தான் அதுவும். போரில் ஊரில் பாதி போயிற்று. மிச்சத்தில் பலர் நகரத்துக்கு ஓடிய இடத்திலேயே தங்கிவிட்டார்கள். ஸ்பார்ட்டாக்காரன் பக்கத்து மலையில் கோட்டை கட்டிக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தான். நாங்கள் எல்லோரும் ஏதென்ஸ் மதிலுக்குள் மூட்டை முடிச்சோடு கிடந்தோம். ஒருவழியாகத் திரும்பி வந்தபோது வீடுகளுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை.

மீதோன் தனியாகத்தான் திரும்பினான். மனைவி மிர்த்தாலே நகரத்து நெரிசலில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். மூத்த மகன் சிசிலிச் சண்டைக்குக் கப்பலேறினான், இளையவன் கடைசிக் கடற்சண்டையில் துடுப்புப் போட்டான்; இரண்டு பேரில் எவன் எலும்பும் வீடு வரவில்லை. ஏவலுக்கு இருந்த அடிமை, கலவரத்தோடு கலவரமாக எதிரி கோட்டைக்கு ஓடிவிட்டான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன், வாய்ப்புக் கிடைத்தால் எவன்தான் ஓட மாட்டான்.

கூரை போட்டான், கொடி நட்டான், வாற்கோதுமை விதைத்தான். அறுபதை நெருங்கிய உடம்பு அதற்கெல்லாம் வளைந்து கொடுத்தது. சாப்பாட்டு நேரம்தான் அவனுக்கு ஆகவில்லை. அடையைத் தட்டிச் சுடுவான், ஒரு வெங்காயம், நாலு ஒலிவக் காய், அவ்வளவுதான். அதை நின்றுகொண்டே தின்று முடிப்பான். உட்கார்ந்தால் எதிரே யாரும் இல்லை என்பது தெரிந்துவிடும், அதனால்.

பேச்சுத் துணை என்று பார்த்தால் ஒரே ஒருவன்தான், அவனும் எதிரி. பக்கத்து நிலத்துக் கல்லிப்போஸ்.

இந்தச் சண்டை இவர்கள் தொடங்கியதில்லை. மீதோனின் அப்பா எல்லைச் சுவரோரம் ஓர் அத்திமரம் நட்டார். அத்தியும் ஒலிவமும் அடுத்தவன் எல்லையிலிருந்து ஒன்பது அடி தள்ளித்தான் நட வேண்டும் என்பது சோலோன் காலத்துச் சட்டம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லிப்போஸின் அப்பா வந்து பாதத்தை வைத்து அளந்தார், எட்டு என்றார். மீதோனின் அப்பா தன் பாதத்தால் அளந்தார், ஒன்பது என்றார். ஒருவர் பாதம் தோணி, இன்னொருவர் பாதம் பெண்பிள்ளைப் பாதம், வேறென்ன வரும்? ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்கும் நீதிபதிகள் வந்தார்கள். அளவுகோல் கொண்டுவர மறந்து வந்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து பழத்தை ஒரு கை பார்த்துவிட்டு, "சமாதானமாப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். நல்ல நீதி!

அப்பாக்கள் செத்த பிறகு பிள்ளைகள் சண்டையை எடுத்துக்கொண்டார்கள். போரில் எதிரி வந்து மரத்துக்குத் தீ வைத்தான். அதோடு விட்டது என்று நினைத்தால், எரிந்த கட்டையிலிருந்து மறுபடி துளிர் விட்டது, கூடவே சண்டையும் துளிர் விட்டது. இத்தனைக்கும் மீதோன் ஒரு நாளும் தன் காலால் அளந்து பார்த்தவனில்லை. அப்பா ஒன்பது என்றார், ஒன்பதுதான்.

காலையில் கண் விழித்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"ஏ மீதோன்! உன் மரத்து இலை எல்லாம் என் கிணத்துல வந்து விழுது! வந்து பொறுக்கு!"

"காத்து அடிச்சா விழத்தான் செய்யும்! போய் காத்து மேல வழக்குப் போடு!"

"போடுவேன்டா! ஒன்பது அடி! சட்டம்னா சட்டம்!"

"உங்கப்பன் காலை வெட்டிக் கொண்டா, அளக்கலாம்!"

இப்படி ஒரு பாட்டம் ஆன பிறகுதான் இருவரும் வேலைக்குப் போவார்கள். என்றாவது கல்லிப்போஸ் மாரத்தான் ஊரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போய்விட்டால், அன்று முழுக்க மீதோனுக்கு எதுவோ மறந்துவிட்ட மாதிரியே இருக்கும். என்ன மறந்தோம் என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவான். அதற்குக் காரணம் அவனுக்குப் பிடிபட்டதில்லை.

கல்லிப்போஸ் ஒரு வருடம் ஏதென்ஸை நடத்தும் ஐந்நூற்றுவர் அவையில் இருந்துவிட்டு வந்தான். வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? சுவர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அளந்தான்.

"வட்ட மண்டபம்னு பேரு. பத்துக் குலமும் முறை வெச்சு அவையை நடத்தும், நம்ம குலத்து முறை வந்தா நம்ம ஐம்பது பேருக்கும் அங்கேதான் சாப்பாடு. முப்பத்தஞ்சு நாளைக்கு! சுடச்சுட ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காயத்தாள், தண்ணி கலந்த திராட்சை மது. ஐம்பது பேரும் ஒண்ணா உக்காந்து, ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. பக்கத்துல இருக்கறவன் நம்ம தட்டைப் பாத்து 'இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ'ம்பான். உனக்கெங்கே தெரியும் அதெல்லாம்? நீதான் கொக்கு மாதிரி நின்னுக்கிட்டுத் தின்றவனாச்சே!"

மீதோன் அன்று பதிலுக்குக் கத்தவில்லை. நின்றுகொண்டு தின்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பக்கம் கூச்சம். இன்னொரு பக்கம், பக்கத்தில் இருக்கிறவன் தட்டைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள் என்று சொல்வானாமே, அது போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ராச்சியத்தை ஆளும் ஆசையெல்லாம் அவனுக்குக் கிடையாது. அந்தப் பந்தியில் ஓர் இடம் வேண்டும், அவ்வளவே.

அடுத்த முறை ஊர்க்கூட்டத்தில் அவைக்கு ஆள் எடுத்தபோது, வருடக்கணக்காகக் கூட்டத்துப் பக்கமே தலை காட்டாத மீதோன் போய் வரிசையில் நின்றான். ஒரு பானையில் பெயர்கள், இன்னொரு பானையில் மொச்சை. பெயரை எடுத்து, கூடவே ஒரு மொச்சையை எடுப்பார்கள். கறுப்பு வந்தால் வீட்டுக்குப் போ, வெள்ளை வந்தால் அவைக்குப் போ. மீதோனுக்கு வெள்ளை வந்தது. அந்த மொச்சையை அவன் விரலால் தடவிப் பார்த்தான். ஊர்த்தலைவர் பிடுங்கிப் பானையில் போட்டார்.

"சரி, ஏதென்ஸில் பரீட்சை இருக்கு. சாட்சி ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஒருத்தராவது வேணும்," என்றார்.

அங்கேதான் வந்தது வினை. யாருக்குச் சீட்டு விழுந்தாலும் பதவி முடியப்போகிற அவை அவனை நிறுத்தி விசாரிக்கும். அப்பா யார், அம்மா யார், அம்மாவைப் பெற்றவர் யார், முற்றத்து ஜீயஸ் பலிபீடம் எங்கே, குடும்பக் கல்லறை எங்கே, பெற்றவர்களை ஒழுங்காக வைத்திருந்தாயா, படையில் நின்றாயா. நீயே சொன்னால் போதாது. 'ஆமாம், இவனை எனக்குத் தெரியும்' என்று சொல்ல உயிரோடு ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் உன் வெள்ளை மொச்சையை நீயே வேக வைத்துத் தின்ன வேண்டியதுதான்.

வெள்ளை மொச்சை விழுந்த இன்னொருவன் தெக்சியோஸ் என்கிற வாலிபன், முப்பது தாண்டியவன். மீதோன் அவனைக் கேட்டான்.

"சொல்லலாம் ஐயா, ஆனா எனக்கென்ன தெரியும்?" என்று தலையைச் சொறிந்தான் தெக்சியோஸ். "நான் பொறந்ததே நகரத்து மதிலுக்குள்ள. உங்கம்மா பேரையே இப்பத்தான் கேக்கறேன். குறுக்குக் கேள்வி போட்டா உளறிடுவேன். அப்புறம் என்னையும் சேர்த்துத் தள்ளிடுவாங்க. உங்க வயசு ஆளா ஒருத்தரைப் பாருங்களேன்."

உங்க வயசு ஆள்! பெயர்களை மீதோன் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு பெயரும் ஒரு கல்லறைக் கல்லில் போய் முட்டியது. கடைசியில் அம்மாவின் அண்ணன் மகன், தாத்தா பெயரையே வைத்த தெலெசியாஸ் நினைவுக்கு வந்தான். சின்ன வயதில் இருவரும் ஒரே கழுதையில் போனவர்கள். பிரேயஸ் துறைமுகத்தில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. விடிகாலையில் கிளம்பி நடந்தான். நாள் முழுக்க நடை, மறுநாளும் பாதி நடை.

துறைமுகத்துச் சந்தில் வாசற்படியில் தெலெசியாஸ் உட்கார்ந்திருந்தான். பல் போய், தலை போய், ஆனால் அம்மாவின் மூக்கு அப்படியே இருந்தது. மீதோனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெலெசியாஸ்! என்னடா, அடையாளம் தெரியுதா? மீதோன்டா! மெலித்தா அத்தை மகன்!"

தெலெசியாஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான். "இன்னிக்கு நெத்திலி வேணாம்ப்பா. நேத்து வாங்கினதே நாறுது."

"நெத்திலி இல்லடா. அபித்னா! அத்திமரம்! கழுதை மேல போனோமே!"

"கழுதையா? கழுதை விக்கறியா?" என்றவன் உள்ளே திரும்பிக் கத்தினான். "அம்மா, யாரோ கழுதை விக்கறவன் வந்திருக்கான்!"

மகள் வெளியே வந்து, முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்பாவுக்கு இப்பல்லாம் என்னையே தெரியறதில்லீங்க, மன்னிச்சுக்கங்க," என்றாள். ஒரு குவளை தண்ணீர் கொடுத்தாள். மீதோன் குடித்தான். போகும்போது தெலெசியாஸின் தோளில் கை வைத்தான். தெலெசியாஸ் அந்தக் கையை மெல்ல எடுத்துக் கீழே விட்டான்.

திரும்பி வரும் வழியெல்லாம் மீதோனுக்கு ஒரே எண்ணம். நான் இருக்கிறேன் என்பதற்கு இந்த உலகத்தில் என்னைத் தவிர அத்தாட்சி இல்லை. பயந்துபோனான். சாவுக்குக்கூட அவன் அப்படிப் பயந்ததில்லை.

ஊரில் அவன் அம்மா பெயர் தெரிந்தவன் இன்னும் ஒருவன் இருந்தான். இருந்தால் என்ன, கேட்கிற ஆளா அவன்? பரீட்சைக்காக நகரம் கிளம்புவதற்கு முந்திய நாள் மீதோன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனான். கல்லிப்போஸ் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

"கல்லிப்போஸ்."

"என்ன?"

"நாளைக்கு... நீ நகரத்துப் பக்கம் எதாவது போறியா?"

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

கல்லிப்போஸ் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும், ஊருக்கே தெரியும். இவன் வாயால் வரட்டும் என்று நின்றான். மீதோன் சொல்ல வேண்டியது 'சாட்சி சொல்ல வாயேன்' என்று மூன்று வார்த்தை. அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்து வாயைப் பொத்துவது போலிருந்தது. கடைசியில் வாயில் வந்தது வேறு.

"உன் கொடி என் சுவத்து மேல ஏறுது. வெட்டிவிடு."

"ஓகோ!" என்று கத்தினான் கல்லிப்போஸ். அவன் முகம் சிவந்துவிட்டது. "அப்படியா சேதி? வரேன்டா, நாளைக்கு நானும் வரேன்! 'இந்த ஆள் மேல யாருக்காவது குறை இருக்கா'ன்னு அவையில கேப்பாங்க இல்ல? இருக்குன்னு நான் எழுந்து நிக்கறேன். அந்த ஐந்நூறு பேர் முன்னாலயும் சொல்றேன்டா, ஒன்பது அடி!"

மீதோன் வீட்டுக்குள் போய் நின்றுகொண்டு சாப்பிட்டான்.

அவை மண்டபத்தில் மரத்தடுப்புக்கு வெளியே வேடிக்கை பார்க்கும் கூட்டம் நெருக்கியது. அன்றைய தலைவன் சீட்டில் வந்த ஒரு தோல் பதனிடுகிறவன், விரலில் சாயம் போகவில்லை. கேள்விகளை வரிசையாகக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் மீதோன் பதில் சொன்னான். அப்பா மெலாந்தோஸ், தாத்தா பெயரும் மீதோன்தான். அம்மா மெலித்தா, ராம்னூஸ் ஊர் தெலெசியாஸ் மகள். கல்லறை, ஊருக்குக் கிழக்கே காட்டு ஒலிவத்தடியில்.

"சாட்சியைக் கூப்பிடுங்க," என்றான் தலைவன்.

மீதோன் சுற்றிலும் பார்த்தான்.

"சாட்சி, பெரியவரே. உங்களைத் தெரிஞ்சவங்க."

"மெனோன்," என்றான் மீதோன். "என் மூத்த மகன்."

"வரச் சொல்லுங்க."

"சிசிலியில இருக்கான். கடலுக்கு அடியில."

தலைவன் சாய விரலைத் தேய்த்துக்கொண்டான். சிசிலியில் ஆள் போகாத குடும்பம் அங்கே யாருடையது? "உசிரோட இருக்கறவங்க யாராவது..." என்று மெல்லக் கேட்டான்.

தடுப்புக்கு வெளியே ஒரு முட்டல் மோதல். "தள்ளுப்பா, தள்ளு! காலை மிதிக்காதே!" என்று கத்திக்கொண்டு கல்லிப்போஸ் உள்ளே வந்தான். வழியெல்லாம் வியர்த்திருந்தான். போச்சு, மானமும் சேர்ந்து போச்சு என்று மீதோன் கண்ணை மூடிக்கொண்டான்.

"குறை சொல்றதா இருந்தா அப்புறம் வரணும்," என்றான் தலைவன்.

"குறை அப்புறம் சொல்றேன். இப்ப சாட்சி," என்றான் கல்லிப்போஸ். "இந்த ஆளை எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? இவன் அப்பன் மெலாந்தோஸ், எங்கப்பா வாயைக் கிளறியே சீக்கிரம் சாகடிச்சவன். இவன் அம்மா மெலித்தா, ராம்னூஸ்காரி. தெலெசியாஸ் கிழவன் மக. சின்ன வயசுல அவ மரத்துல நான் பழம் பறிச்சேன்னு காதைத் திருகினா, இன்னும் வலிக்குது. இவங்க வீட்டு முற்றத்து ஜீயஸ் பலிபீடம் கிணத்துக்கு வடக்கே. புகை பூரா என் வீட்டுக்குத்தான் வரும்!"

கூட்டம் சிரித்தது. கல்லிப்போஸ் சிரிக்கவில்லை.

"கல்லறை காட்டு ஒலிவத்தடியில. வருசா வருசம் இறந்தவங்க நாளுக்குப் போய், எண்ணெய் ஊத்திட்டு உக்காந்து ஒப்பாரி வைப்பான். என் நிலத்துக்கே கேக்கும். பொண்டாட்டி பேரு, பிள்ளைங்க பேரு, ஒண்ணு விடாம சொல்லி அழுவான். மனுசனை மத்தியானம் தூங்க விட மாட்டான்."

"பெத்தவங்களை வெச்சுப் பாத்தாரா?"

"எதிரி வந்தப்போ வண்டிக்கு மாடு இல்ல. அப்பனை முதுகுல கட்டிக்கிட்டு அபித்னாவுலேருந்து இந்த மதில் வாசல் வரைக்கும் நடந்தான். நான் பின்னாலயே வந்தேன். அந்தக் கிழம் இவன் முதுகுல இருந்துக்கிட்டே என்னைப் பாத்து 'ஒன்பது அடி'ன்னு விரலைக் காட்டுச்சு."

"படையில?"

கல்லிப்போஸ் நெற்றி வியர்வையை வழித்தான். "தெலியோன் சண்டையில எனக்கு வலது பக்கம் இவன்தான் நின்னான். இவன் கேடயம்தான் என் உடம்புல பாதியை மறைச்சது. எல்லாரும் ஓடினப்போ இவன் கேடயத்தைக் கீழ போடல. எனக்குப் பிடிக்காத ஆள்தான், ஆனா போடல. போட்டிருந்தா இப்ப இங்க நின்னு பேச நான் ஏது?"

மீதோன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பது வருடமாக இதை இவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இவர் மேல யாருக்காவது குறை உண்டா?" என்று கட்டியக்காரன் கூவினான்.

"எனக்கு உண்டு!" என்றான் கல்லிப்போஸ் அதே இடத்தில் நின்றபடி. "இவன் அத்திமரம் என் எல்லையிலேருந்து எட்டு அடியிலதான் நிக்குது!"

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. "அது இங்க செல்லாது பெரியவரே," என்று தலைவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கைகள் உயர்ந்தன. மீதோன் தேறினான்.

ஊருக்கு ஒரே பாதை, வேறு வழியில்லாமல் இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

"ஏன் வந்தே?" என்றான் மீதோன்.

"உனக்காக ஒண்ணும் வரல. உன்னைத் தள்ளிட்டாங்கன்னா நீ யாரோ எவனோ ஆயிடுவே. யாரோ எவனோகூட நான் இத்தனை வருசம் சண்டை போட்டேன்னு ஊர் சிரிக்கும்." கொஞ்சம் நடந்த பிறகு கல்லிப்போஸ் சொன்னான், "எங்கம்மா பேரு தெரிஞ்சவனும் இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

"பிலின்னா," என்றான் மீதோன். "தொடப்பத்தாலயே அடிப்பா."

"அவளேதான்."

அதற்கப்புறம் ஊர் எல்லை வரை அத்திமரத்தைப் பற்றித்தான் சண்டை.

எங்கள் குலத்து முறை குளிர்காலத்தில் வந்தது. மீதோன் சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டு நகரத்துக்குப் போனான். கல்லிப்போஸ் சொன்னதில் பொய்யில்லை. வட்ட மண்டபத்துக்குள் அடுப்பின் வெம்மை, ரொட்டி வாசனை, சுவரோரம் வளைந்து போகும் இருக்கையில் தோளோடு தோள் இடிக்க ஆட்கள். முதல் நாள் பக்கத்திலிருந்தவன் நிஜமாகவே அவன் தட்டைப் பார்த்து, "ஐயா, இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க," என்றான். மீதோன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பிறகு எடுத்து வைத்துக்கொண்டான். உட்கார்ந்து சாப்பிட்டான். அந்த நாட்கள் நல்ல நாட்கள், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனாலும் பந்தியில் எல்லாரும் அவனைவிட இளையவர்கள். கப்பல், வழக்கு, யார் வீட்டுக் குதிரை என்று அவர்கள் பேச்சு ஓடும். இவன் கேட்டுக்கொண்டிருப்பான். நடுவில் எதையாவது கேட்டுச் சிரிப்பு வந்தால், இதைச் சுவருக்கு மேலே அவனிடம் சொல்ல வேண்டும், 'நீ சொன்ன பாலாடைக்கட்டி ஒண்ணும் அவ்வளவு ஒசத்தியில்லடா' என்று சொல்ல வேண்டும் என்று எண்ணி வைத்துக்கொள்வான். அப்படி நிறையச் சேர்ந்துவிட்டது.

ஊருக்குப் போய்விட்டு வந்த தெக்சியோஸ் ஒரு நாள் எதிரே உட்கார்ந்து, ஒலிவக் காய்த் தட்டை நகர்த்திக்கொண்டே சொன்னான்: "ஆமா, உங்க பக்கத்து நிலத்துக்காரர், அந்தக் கத்தற பெரியவர், அவர் போயிட்டாரே, தெரியுமா? நெஞ்சுல சளி கட்டிக்கிச்சாம். மக வந்து எல்லாம் முடிச்சாச்சு. இந்தக் காயைப் பாருங்க, உப்பே ஏறல."

மீதோன் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"என்ன ஐயா, சாப்பிடுங்க."

"ஆச்சுப்பா," என்றான்.

அதன் பிறகும் முறை முடியும்வரை அங்கேதான் சாப்பிட்டான். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஐம்பது பேர் நடுவில். எல்லாரும் இருக்கும்போதே ஒருவன் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

முறை முடிந்து ஊருக்கு வந்ததும் நேராகக் கல்லிப்போஸின் கல்லறைக்குப் போனான். கல்லில் அவன் பெயரும் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இருந்தன. "பிலின்னா மகன்," என்று மீதோன் வாய்விட்டுச் சொன்னான், அது விட்டுப்போயிருந்ததால். எண்ணெய் ஊற்றினான். சத்தம் போட்டு அழுதான். யார் தூக்கமும் கெடவில்லை.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நடமாட்டம் கேட்டது. மீதோன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். கல்லிப்போஸின் மாரத்தான் மருமகன், பானியாஸ் என்று பெயர், நிலம் இப்போது அவன் பெண்டாட்டிக்கு. சாதுவான முகம்.

"கும்பிடறேன் பெரியவரே. உங்களைப் பத்தி மாமா சொல்லிக்கிட்டே இருப்பார். இந்தாங்க, பாலாடைக்கட்டி, வீட்டுல செஞ்சது."

மீதோன் வாங்கிக்கொள்ளவில்லை. "மரத்து இலை உன் கிணத்துல விழுமே," என்றான்.

"விழட்டுமே. அள்ளிப் போட்டாப் போச்சு."

"எல்லைக்குப் பக்கத்துல நிக்குது."

"அதனால என்னங்க? உங்களுக்கும் வயசாச்சு. பழசை எல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு? மரம்தானே, இருந்துட்டுப் போகட்டும்."

"இருந்துட்டுப் போகட்டுமா?" மீதோனின் குரல் ஏறியது. "ஒன்பது அடிய்யா! சட்டம்! உனக்குச் சொந்த நிலத்து மேல அக்கறை இல்லையா? உன் மாமன் இதுக்காக ஆயுசையே விட்டான்! இறங்கி அள! உன் காலால அள!"

பானியாஸ் பயந்துபோனான். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று எண்ணியிருப்பான். அளக்கவில்லை, குனியக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே மரத்தையும் சுவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒன்பது இருக்கும் ஐயா. தாராளமா இருக்கும்," என்றான். பாலாடைக்கட்டியைச் சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டு தலைமுறை வழக்கு, மீதோன் ஜெயித்துவிட்டான்.

அவன் செருப்பைக் கழற்றினான். சுவரடியில் குதிகாலை வைத்து, ஒரு பாதத்துக்கு முன் ஒரு பாதமாக, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அளந்தான். அடிமரத்தில் போய்க் கால் முட்டியது. திரும்பி வந்து இன்னொரு தடவை அளந்தான்.

"எட்டுடா!" என்று சுவருக்கு மேலே கத்தினான். "கல்லிப்போஸ்! எட்டுதான்டா! நீ சொன்னது சரி!"

அந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான். பிறகு உள்ளே போய் அடையையும் வெங்காயத்தையும் எடுத்துவந்து, சுவரைப் பார்த்தாற்போல் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். எதிரே யாரும் இல்லை.